ஒரு மார்க் ஆறு!

படகுப் பயணம் என்றால் நம் ஆபீஸ் நண்பர்களுக்குத் தெரிந்தது மூன்று ரகம்.

முதல் ரகம், ஆலப்புழை ஹவுஸ்போட். புதுசாகக் கல்யாணமானவர்கள் போய்விட்டு வந்து, செல்போனில் நூற்றுப் பதினாறு போட்டோவை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டி நம் சாப்பாட்டு நேரத்தைக் காலி செய்வார்கள். இரண்டாவது, சொகுசுக் கப்பல். 2022 ஜூனில் நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்தே நீச்சல் குளம், தியேட்டர் சகிதம் ஒன்று கிளம்பியது. டிக்கெட் விலையைக் கேட்டதும் பலருக்குக் கரையிலேயே தலை சுற்றியது. மூன்றாவது, முட்டுக்காடு. லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டி முடிப்பதற்குள் படகு திரும்பக் கரைக்கு வந்துவிடும்.

நான்காவதாக ஒரு ரகம் இருக்கிறது சார். அதற்கு விளம்பரம் கிடையாது, டிக்கெட் கவுண்ட்டர் கிடையாது. பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தில், மீன்பிடிக்கிற ஃபைபர் படகில், ஒரு பகல். 'குளுகுளு' எல்லாம் இல்லை. ஆனால் இறங்கி வரும்போது சென்னையைப் பற்றி நாலு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

எங்கள் 'ஸ்டடி க்ரூப்' போன கதை இது.

ஸ்டடி க்ரூப் என்றதும் பயந்துவிடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் டூ பரீட்சைக்காக, ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் ஆரம்பித்தது. ஒன்பது பேரில் இரண்டு பேர் பாஸ் செய்து, எங்களைப் பார்த்தால் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் அதிகாரிகளாகிவிட்டார்கள். மீதிப் பேர் படிப்பை விடவில்லை. படிப்புதான் எங்களை விட்டுவிட்டது. ஆனாலும் ஞாயிறு காலைக் கூட்டம் மட்டும் தொடர்கிறது. அடியேன் கப்பல் சரக்கு கிளியரிங் ஏஜென்ஸியில் கணக்கு எழுதுபவன். ஒருவர் வங்கி கேஷியர். ஒருவர் டூ-வீலர் ஷோரூமில் சேல்ஸ். ஒருவர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். புது வரவாக விலங்கியல் எம்.எஸ்ஸி. படிக்கும் இரண்டு மாணவிகள். இத்தனை பேரையும் கட்டி மேய்ப்பவர், ரிட்டயர் ஆன பூகோள வாத்தியார்.

ஒரு ஞாயிறு, மாதிரி வினாத்தாளில் ஒரு கேள்வி. 'கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம்?' நாலு விடை கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்லியிருந்தது. எல்லோரும் கோரஸாக "எண்ணூர்!" என்றோம். ஒரு மார்க்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. அங்க போய்ப் பார்த்தவங்க யாரு?"

மொட்டை மாடியில் காக்கா கத்துவது மட்டும் கேட்டது.

"பத்து கிலோமீட்டர் சொச்சம் தூரத்துல இருக்கிற ஆறு. அமேசான் எங்க கலக்குதுன்னு கேட்டா சொல்றீங்க. அடுத்த ஞாயிறு புத்தகம் வேணாம். தொப்பி, தண்ணி பாட்டில் கொண்டாங்க!"

ரயில் பாடம்

எண்ணூர் லோக்கலில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதுவே பாதி டூர். முதலில் ராயபுரம் ஸ்டேஷன். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. கட்டடம் இன்னும் நிற்கிறது. இப்போது பெரிய ரயில்கள் நிற்பதில்லை என்பதுதான் சோகம். வீட்டுக்கு மூத்தவர், ஆனால் யாரும் யோசனை கேட்பதில்லை என்கிற மாதிரி!

அடுத்து திருவொற்றியூர். "பட்டினத்தார் கையில வச்சிருந்த பேய்க்கரும்பு இனிச்ச ஊர்ப்பா" என்றார் வாத்தியார். சமாதி கடற்கரையோரம் இருக்கிறது. ஷோரூம் நண்பருக்கு வேறு பக்தி. 1955-ல் புல்லட் தயாரிக்க ஆரம்பித்த என்ஃபீல்ட் தொழிற்சாலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இதே ஊரில்தான் 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் தயாரித்தார். அந்தப் பலூன்தான் பிறகு எம்.ஆர்.எஃப். டயராகப் பெருத்தது. அடுத்த ஸ்டேஷன் விம்கோ நகர். ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கப் பெயரே ஸ்டேஷன் பெயராகிவிட்டது. இப்போது மெட்ரோ ரயிலும் அங்கே வரைக்கும் போகிறது.

சுருக்கமாகச் சொன்னால், நாம் ஓட்டுகிற வண்டி, வண்டியின் டயர், அதில் ஊற்றும் பெட்ரோல், உரசுகிற தீக்குச்சி, எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு பூர்வீக விலாசம் உண்டு. பெசன்ட் நகரிலிருந்து பார்த்தால் இது 'வட சென்னை'. இங்கிருந்து பார்த்தால் நகரத்தின் சமையலறை. விருந்தாளிகள் யாரும் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

"எல்லாரும் படிச்சவங்களா?"

எண்ணூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து, ஆற்றோரக் குப்பம் ஒன்றை அடைந்தோம். வாத்தியாரின் பழைய மாணவர் ஒருவர் மூலம் ஏற்பாடு செய்த படகு காத்திருந்தது. படகுக்கார அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், எல்லாரும் படிச்சவங்களா?"

"படிச்சுக்கிட்டே இருக்கோம்ணே" என்றார் கேஷியர்.

"அப்ப ஜாக்ரதையா ஏறுங்க. படிச்சவங்கதான் ரெண்டு காலையும் ஒரே பக்கம் வப்பாங்க."

கோர்ட் டைப்பிஸ்ட் அதற்குள் ரெண்டு காலையும் ஒரே பக்கம் வைத்திருந்தார். படகு ஒரு ஆட்டம் ஆடியது. தயிர் சாத டப்பா ஒன்று கொசஸ்தலைக்கு நைவேத்தியமாகப் போகப் பார்த்து, கடைசி நொடியில் காப்பாற்றப்பட்டது.

மோட்டார் உறுமியது. முதலில் முகத்துவாரம் பக்கம் விட்டார் அண்ணன். எதிரே வங்காள விரிகுடா வெள்ளை நுரையோடு உள்ளே வரப் பார்க்கிறது. ஆறு வெளியே போகப் பார்க்கிறது. இருவரும் தினம் இரண்டு வேளை பேரம் பேசுகிற இடம் இது. கடல் தண்ணீர் ஏறும்போது உப்பு, இறங்கும்போது கொஞ்சம் குறைச்சல் உப்பு. இந்த இரண்டுங்கெட்டான் தண்ணீரில்தான் சூட்சுமம் இருக்கிறது.

விலங்கியல் தங்கைகளில் ஒருத்தி விளக்கினாள். "இறால் கடல்லதான் முட்டை போடும். குஞ்சு மட்டும் கழிமுகத்துக்குள்ள வந்து, அலை இல்லாத தண்ணில, கண்டல் செடி வேர்ல ஒளிஞ்சு வளரும். பெரிசானதும் மறுபடி கடலுக்குப் போயிடும்."

"அதாவது ஹாஸ்டல்" என்றார் ஷோரூம்.

"ஹாஸ்டல்தான். ஹாஸ்டலை இடிச்சா காலேஜ் நடக்காது. இங்க கழிமுகம் கெட்டா அங்க காசிமேட்டுல வலை காலி."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் மரியாதை தெரிந்தது.

இந்த ஆற்றில் மடவை, கிழங்கான், நண்டு, இறால் என்று பிடித்து வாழும் குப்பங்கள் பல. யார் எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்கு ஊர்க் கட்டுப்பாடு உண்டு. வடக்கே பழவேற்காடு ஏரியில் இதற்குப் 'பாடு' என்று பெயர். நல்ல இடத்தை ஒருத்தரே வளைத்துப் போட முடியாது. முறை வைத்துச் சுற்றி வரும். நம் ஆபீஸில் ஜன்னலோர சீட்டை இருபது வருஷமாக ஒருவரே அனுபவிக்கிறார் பாருங்கள், அந்தக் கதை இங்கே நடக்காது.

தண்ணீரில் எழுதிய சரித்திரம்

படகு வடக்கே திரும்பியது. குறுக்கே வந்து சேர்கிறது பக்கிங்ஹாம் கால்வாய். பள்ளிக்கூடத்தில் 'பக்கிங்ஹாம் கால்வாயை வெட்டியவர் பக்கிங்ஹாம்' என்று எழுதிய கோஷ்டிக்காகச் சொல்கிறேன். 1806-ல் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சொந்தப் பணத்தில் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வெட்டியதுதான் ஆரம்பம். பிறகு வடக்கும் தெற்குமாக நீண்டது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து இடைப்பட்ட பகுதிகளை இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு, 1878-ல் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார். வெட்டியவர்களின் பெயர் எதிலும் இல்லை. அந்தக் காலத்தில் மெட்ராஸ் அடுப்புகளுக்குச் சவுக்கு விறகும், சாப்பாட்டுக்கு உப்பும் இந்த வழியாகத்தான் படகில் வந்தன. இன்றைக்கும் நம் வீட்டு அடுப்புக்கான கியாஸ் இதே எண்ணூர்ப் பக்கத்தில்தான் கப்பலில் வந்து இறங்குகிறது. சரக்கு மாறியிருக்கிறது. சமையலறை மாறவில்லை.

கொசஸ்தலையே லேசுப்பட்ட ஆறு இல்லை. சுமார் 136 கிலோமீட்டர் ஓடி வருகிறது. நாம் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் கூவம் இருக்கிறதே, அது கேசவரம் அணைக்கட்டில் இதிலிருந்து பிரிகிற கிளை. நம் குடிநீருக்காக 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் இதன் குறுக்கேதான்.

"அதெல்லாம் நேத்து நடந்தது" என்றார் வாத்தியார். "இதே ஆத்துப் படுகையில, திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கம்னு ஊர். 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்க கல் கோடாரிகளைக் கண்டுபிடிச்சார். 2011-ல சாந்தி பப்பு குழுவினர் அதோட வயசைக் கணக்குப் போட்டாங்க. பதினஞ்சு லட்சம் வருஷம்!"

படகில் கொஞ்ச நேரம் மௌனம். கேஷியர் விரல் விட்டுப் பூஜ்யங்களை எண்ணினார். பதினைந்து லட்சம் வருஷமாக மனுஷ வாடை உள்ள ஆற்றங்கரை. அதற்கு நாங்கள் கொடுத்திருந்த விலை, ஒரு மார்க்.

தொட்டால் சுடும்

மோட்டாரை நிறுத்திவிட்டு மூங்கில் கழியால் தள்ளினார் அண்ணன். "இங்க தண்ணியில கைய வையுங்க சார்."

வைத்தோம். வெதுவெதுவென்று இருந்தது. ஆற்றுத் தண்ணீர் மாதிரி இல்லை, குளியலுக்கு விளாவிய தண்ணீர் மாதிரி.

நிமிர்ந்து பார்த்தால் வரிசையாகப் புகைபோக்கிகள். ஆற்றுக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கும் மின் கோபுரங்கள். தெற்கே, 1970-ல் தொடங்கி 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017 மார்ச் 31-ல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல் மின் நிலையம். வடக்கே, 1994-லிருந்து ஓடும் வட சென்னை அனல் மின் நிலையம். அதன் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட். 2024 மார்ச்சில் மூன்றாவது கட்டமாக இன்னும் 800 மெகாவாட்டைத் தொடங்கி வைத்தார்கள். மேற்கே வல்லூரில் 1,500. இவற்றுக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2014-லிருந்து அதற்குக் காமராஜர் பெயர்.

நிலக்கரியை எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, ஆவியால் டர்பைனைச் சுற்றினால் மின்சாரம். ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். அப்படிக் குளிர வைத்துவிட்டுச் சூடாக வெளியே வருகிற தண்ணீர்தான் எங்கள் கையில் பட்டது. மிச்சம் இருப்பது சாம்பல்.

இங்கே கேஷியர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். அவருக்குக் கணக்கு வராவிட்டால் தலைவலி வந்துவிடும். "ஒரு யூனிட் கரண்ட்டுக்கு எவ்வளவு கரி?"

"முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி" என்றார் வாத்தியார். "நம்ம நாட்டுக் கரியில நூத்துக்கு முப்பது, நாப்பது பங்கு சாம்பல்."

இட்லி கட்டிவந்த பேப்பரில் கணக்கு ஓடியது. பழைய மாடல் ஒன்றரை டன் ஏ.சி. ராத்திரி பூரா ஓடினால் ஏறக்குறைய பத்து யூனிட். அதற்கு ஏழு கிலோ கரி. அதில் இரண்டு கிலோவுக்கு மேல் சாம்பல். ஒருத்தர் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால், இரண்டு கிலோ சாம்பல்!

"மாசத்துக்கு ஒரு மூட்டை" என்றார் கேஷியர் மெதுவாக. "இதை என் வீட்டு வாசல்ல கொட்டினா என் சம்சாரம் என்னை உள்ள விடமாட்டா."

வாசலில் கொட்டவில்லை. அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாக ஆற்றைத் தாண்டி, செப்பாக்கம் கிராமத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய்கள் நெடுக வருஷக்கணக்கில் கசிந்தன. சாம்பல் ஆற்றின் அடியில் சிமெண்ட் பூசியது போல் படிந்தது. 2017 அக்டோபரில் கமல்ஹாசன் வந்து பார்த்தபோது பேப்பர்களில் பெரிதாக வந்தது நினைவிருக்கலாம். 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், படிந்த சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைச் சீர்செய்யச் சொல்லி உத்தரவிட்டது.

அண்ணன் கழியை அடியில் ஊன்றி, இழுத்துக் காட்டினார். நுனியில் சாம்பல் நிறச் சேறு. "எங்கப்பா காலத்துல இங்க கழி முழுசா முங்கும் சார். இப்ப பாருங்க, இடுப்பு மட்டுக்குத்தான்."

காக்கா ஆழி

அடுத்து ஒரு கைப்பிடி எதையோ அள்ளிப் படகில் போட்டார். கறுப்பாக, சின்னதாக, கொத்துக் கொத்தாகச் சிப்பிகள்.

"இதுக்கு காக்கா ஆழின்னு பேரு. நாங்க வச்சதுதான். சாப்புடவும் ஆவாது, விக்கவும் ஆவாது. தரை பூரா பாய் விரிச்ச மாதிரி மூடிக்குது. இறாலு எங்க போய் ஒளியும்?"

தங்கைகள் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி இது. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ, கப்பல் ஆடாமலிருக்க வயிற்றில் நிரப்பி வந்து துறைமுகத்தில் கொட்டும் தண்ணீரிலோ வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் இதே தொல்லை. நாம் விசா கேட்டு நாலு மணி நேரம் க்யூவில் நிற்கிறோம். இது எந்த முத்திரையும் இல்லாமல் வந்து, குடும்ப அட்டை வாங்காத குறையாகக் குடியேறிவிட்டது.

எண்ணெய்க் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2017 ஜனவரி 28 அதிகாலை, துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையில் தார்க் குழம்பு போல் ஒதுங்கிய எண்ணெயை இளைஞர்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். ஆறு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வந்த வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி, கழிமுகம் முழுக்கப் பரவியது. படகு, வலை, கண்டல் செடி, கூழைக்கடாவின் இறக்கை எல்லாம் ஒரே கறுப்பு. அப்போதும் அள்ள வந்தவை பக்கெட்டும் மக்கும்தான். அந்த மாதமே 26-ம் தேதி நள்ளிரவில், உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடினார்கள்.

"கம்பெனியே வேணாம்னு நாங்க சொல்லல சார்" என்றார் அண்ணன். "எம் புள்ளையே கான்ட்ராக்ட்ல உள்ளதான் வேல செய்யறான். ஆத்துல கை வைக்காம நடத்துங்கன்றோம். அத்த சொன்னா, இவுங்க முன்னேத்தத்துக்கு எதிரின்றாங்க."

காணாமல் போன ஆறு

மத்தியானம், கண்டல் செடிகளின் ஓரம் படகை நிறுத்திச் சாப்பாடு. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், அண்ணன் கொண்டுவந்த மடவைக் குழம்பு. சைவக்காரரான டைப்பிஸ்ட் குழம்புப் பாத்திரத்தை ஏக்கத்தோடு பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சாப்பிட்டதும் வாத்தியார் இரண்டு ஜெராக்ஸை எடுத்தார். இரண்டும் இதே இடத்தின் கடலோர வரைபடங்கள். 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட வரைபடத்தில், இந்தக் கழிமுகம் கைவிட முடியாத நீர்நிலையாக இருக்கிறது. பின்னால் வந்த இன்னொன்றில் ஆறு இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. 2017-ல் இதுதான் பெரிய சண்டை. வரைபடத்தில் தண்ணீர் என்றிருந்தால் கட்டடம் கட்டத் தடை. வெறும் நிலம் என்றிருந்தால் வழி திறந்தது.

கோர்ட் டைப்பிஸ்ட் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தினம் பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று தட்டுகிற கை. "சார், நாம இப்ப எந்த மேப்ல உட்கார்ந்திருக்கோம்?"

படகு லேசாக ஆடியது. அதுவே பதிலாக இருந்தது.

"மீனவங்க பிரச்னைதானேன்னு நினைக்காதீங்க" என்றார் வாத்தியார். "பூண்டி நிரம்பி ஷட்டரைத் திறந்தா அந்தத் தண்ணி இங்கதான் வரணும். புழல் ஏரி உபரியும் இந்த ஆத்துலதான் சேரணும். நல்ல மழையில வீட்டுக் கக்கூஸ் குழாயை அடைச்சுப் பாரு, என்ன ஆகும்? 2021 நவம்பர்ல மணலி புதுநகர் மூழ்கினது ஞாபகம் இருக்கா? 2023-ல மறுபடியும். இந்த வாய் எவ்வளவு அகலமா, ஆழமா இருக்கோ அவ்வளவுதான் வட சென்னைக்கு உயிர்."

எங்கள் ஷோரூம் நண்பருக்கு வீடு மணலி புதுநகர். 2023-ல் அவருடைய புல்லட் மூன்று நாள் தண்ணீருக்கடியில் இருந்தது. காலையில் ரயிலிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டவர், அந்த நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆழம் குறைந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கையும் தண்ணீரில்

திரும்பும் வழியில் கழுத்தளவு தண்ணீரில் ஓர் அம்மா. வாயில் பனையோலைப் பறி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவுகின்றன. இறால் அகப்பட்டதும் கை மேலே வருகிறது, பறிக்குள் போகிறது, மறுபடி அடியில் போகிறது. வலை இல்லை, படகு இல்லை. இருளர் சமூகத்தினர் பலர் இப்படிக் கையாலேயே இறால் பிடித்துத்தான் பிழைக்கிறார்கள். பறியைக் கடித்திருப்பதால் வேலை முடியும் வரை பேசவும் முடியாது.

கரையேறியதும் எங்கள் பக்கம் வந்தார். விரல் நுனியெல்லாம் கீறல். காக்கா ஆழி சிப்பியின் விளிம்பு பிளேடு மாதிரி. பறியில் அடி மறைகிற அளவுக்கு இறால்.

"காலைலேருந்து இவ்ளோதான் கண்ணு. முன்னல்லாம் ரெண்டு மணி நேரத்துல பறி ரொம்பிடும்." பிறகு எங்கள் சட்டை, ஷூ, தொப்பியைப் பார்த்துவிட்டு, "நீங்கல்லாம் எங்க வேல?" என்றார்.

"டவுன்லம்மா. பீச் ஸ்டேஷன் பக்கம்" என்றேன்.

"அங்க கரண்ட் போவுமா?"

"எப்பவாவதுதாம்மா."

"எங்களுக்கு அடிக்கடி போவுது" என்றார். குறை சொல்கிற குரலே இல்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்கிற குரல். அவர் தலைக்கு மேலே, ஆற்றைத் தாண்டி டவுனை நோக்கிப் போகும் கம்பிகள் 'உய்ய்' என்று இரைந்துகொண்டிருந்தன.

கேஷியர் இறால் முழுவதையும் வாங்கினார். கறிகாய்க் கடையில் கொத்தமல்லிக்கே அரை மணி பேசுகிறவர், அன்று விலை கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: பீச்சிலிருந்தோ சென்ட்ரலிலிருந்தோ கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி எண்ணூரில் இறங்கவும். ஆற்றோரக் குப்பங்களில் பெரியவர்களிடம் முதலில் பேசி, அவர்கள் சம்மதத்தோடு படகு ஏற்பாடு செய்யுங்கள். மீன்பிடிப்பை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதால் ஒரு நாள் கூலியைக் குறையாமல் கொடுப்பது முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகவேண்டாம். லைஃப் ஜாக்கெட், தொப்பி, குடிநீர் கட்டாயம். துறைமுகத்தையும் மின் நிலையத்தையும் கேமராவில் சுட்டுப் போலீஸ் ஸ்டேஷன் பார்க்கவேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவரவும். ஆறு ஏற்கெனவே நிறைய வாங்கி வைத்திருக்கிறது.

முக்கியமாக, கரையில் இறால் வாங்கினால் பேரம் பேசாதீர்கள். தள்ளுபடியை நாம் ராத்திரி ஏ.சி. ஸ்விட்ச்சைத் தட்டும்போதே எடுத்துக்கொண்டாயிற்று.